மூன்று டிரங்குப் பெட்டித் தாள்களை நூலகத்தில் சேர்ப்பது எப்படி?

பெரியப்பா ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் செயலாளராக இருந்தவர். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, பரணில் இருந்த மூன்று டிரங்குப் பெட்டிகளைப் பெரியம்மா இறக்கச் சொன்னார். சங்கத்தின் பழைய பதிவேடுகளும் பெரியப்பாவின் சொந்தக் கடிதங்களும் அவற்றில் கலந்து கிடந்தன. "செல்லு அரிக்கிறதுக்குள்ள, நாலு பேருக்குப் பயன்படற இடத்துல குடுத்துடு கண்ணு" என்றார். அவற்றை ஒழுங்குபடுத்தி எங்கள் வட்டார நூலகத்தில் ஒப்படைக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அந்த அனுபவத்தைக் கொண்டு இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

இத்தகைய தாள்களை நூலகம் ஏற்குமா என்று தயங்க வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனிமனிதராகச் சேர்த்து வைத்தவைதாம், அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூட அவர் காத்து வைத்திருந்தார்.

படி 1: கலைக்கும் முன் படம் எடுங்கள்

பெட்டியைத் திறந்தவுடன் எதையும் வெளியே எடுக்காதீர்கள். மேலிருந்து ஒரு படம் எடுத்து, ஓர் அடுக்கை எடுத்து, மறுபடியும் ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எண் இடுங்கள். பெட்டி 2, கட்டு 7 என்றால் 2/7 என்று எழுதினால் போதும். பேனாவை அறைக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். 2பி பென்சிலே நல்லது, ஏனெனில் அழுத்தாமலே எழுதும், தடமின்றி அழியும்.

படி 2: தூசி தட்டுதல்

மென்மையான தூரிகையால் தாளின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடையுங்கள். ரப்பர் பேண்டுகளை எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கையுறை வேண்டியதில்லை; கழுவி உலர்த்திய வெறுங்கையே தாளின் கிழிசலை உணரும். புகைப்படங்களுக்கு மட்டும் கையுறை அணியுங்கள். செல்லோ டேப்பைத் தொடவே தொடாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறிவிடும்.

படி 3: இருந்த வரிசையை அப்படியே காத்தல்

நான் தவறிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் பெட்டியைக் கண்டதும், கடிதங்களை ஒரு பக்கமும் கணக்குகளை ஒரு பக்கமும் தீர்மானங்களை ஒரு பக்கமுமாகப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கினேன். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. ஒரு வாரம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தைப் படித்தபோது, "மேற்படி காரணத்தால் உறுப்பினர்களுக்கு முன்பணம் கொடுப்பதென்று தீர்மானிக்கப்பட்டது" என்று ஓர் இடத்தில் இருந்தது. மேற்படி காரணம் எது என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. பாவு நூலால் கட்டியிருந்த ஒரு சிறு கட்டை நான்தான் பிரித்திருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் மூன்று தாள்கள் இருந்தன: இம்மாத நூல் ஒதுக்கீடு வராது என்று தெரிவித்த ஓர் அஞ்சலட்டை, எந்த உறுப்பினருக்கு எத்தனை தறி என்ற பட்டியல், தீர்மானத்தின் முன்வரைவு. மூன்றும் சேர்ந்திருந்தவரையில் காரணம் தானே விளங்கியது. நான் பிரித்ததும் அஞ்சலட்டை ஒரு தனிக்கடிதமாகிவிட்டது, பட்டியல் யாருக்கும் பொருள்படாத பெயர் வரிசையாகிவிட்டது.

அவற்றை மீண்டும் சேர்க்க உதவியது குண்டூசியின் துருதான். இடப்பக்க மேல்மூலையில் மூன்று தாள்களிலும் ஒரே உயரத்தில் இரண்டு செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தன. வெளிச்சத்துக்கு எதிரே அடுக்கிப் பிடித்தால் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. மடிப்புக் கோடுகளையும் இப்படியே ஒப்பிட்டுப் பெரும்பாலான கட்டுகளை மீட்டேன். இரண்டு கட்டுகளை மட்டும் மீட்க முடியவில்லை. அவற்றின் விவரக்குறிப்பில், வரிசை என்னால் கலைக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் ஆய்வாளர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவரிடமிருந்து வந்ததை மற்றொருவருடையதோடு கலக்காதே, அவர் வைத்த வரிசையைக் குலைக்காதே என்னும் இரண்டு விதிகளை நெதர்லாந்தின் ஆவணக்காப்பாளர்கள் மூவர் 1898இலேயே ஒரு கையேட்டில் வகுத்துத் தந்தார்கள். பெட்டிகள் ஒன்றாக இருந்தாலும், சங்கத்தின் பதிவேடுகள் ஒரு தொகுதி, பெரியப்பாவின் கடிதங்கள் வேறொரு தொகுதி. வரிசையே இல்லாமல் அள்ளிப்போட்ட தாள்களுக்கு மட்டும் நீங்கள் ஒரு வரிசை அமைக்கலாம்.

படி 4: விவரப்பட்டியல்

ஐசாட்-ஜி என்ற பன்னாட்டு விவரிப்பு நெறியைப் பின்பற்றுங்கள். ஆறு கூறுகள் கட்டாயம்: குறியீட்டெண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பு நிலை. நிலை என்பது தொகுதி, வரிசை, கோப்பு, உருப்படி என்று மேலிருந்து கீழாக இறங்குவது. தொடக்கத்திலேயே ஒவ்வொரு தாளையும் விவரிக்க முயன்றால் பாதியிலேயே களைத்துவிடுவீர்கள். கோப்பு நிலையோடு நிறுத்துங்கள்.

பட்டியலிட லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் செயலி போதும். தேதிப் பத்தியையும் கட்டு எண் பத்தியையும் எழுத்து வடிவம் என்று முதலிலேயே மாற்றிவிடுங்கள். இல்லையேல் "3/7" என்ற கட்டு எண்ணைக்கூட அது தேதியாக்கிவிடும். படமெடுக்கும்போது தாள்களைத் தானாக இழுத்துச் செல்லும் ஸ்கேனரைப் பயன்படுத்தவே கூடாது. தட்டையான ஸ்கேனரில் 300 புள்ளி அடர்த்தி போதும், சிறிய எழுத்துக்கு 400. காப்புப்படியை டிஃப் வடிவிலும், படிக்கும் படியை பிடிஎஃப் வடிவிலும் வையுங்கள்.

படி 5: தேதியில்லாத தாளின் காலத்தைக் கண்டறிதல்

பொறுமையாகப் பார்த்தால் தாளே சொல்லும். கணக்கு ரூபாய், அணா, பை என்றிருந்தால் அது பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. கடிதத்தலைப்பில் சென்னை மாநிலம் என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். அச்சில் பழைய கொம்பு வைத்த லை, ணை எழுத்துகள் இருந்தால் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. எனினும் பழைய கடிதத்தாளைப் பல ஆண்டுகள் பயன்படுத்தும் வழக்கம் சங்கங்களில் உண்டு. ஆகவே ஒரே சான்றை நம்பாமல், ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

படி 6: ஒப்படைப்புக் கடிதம்

எவற்றை, எத்தனை பெட்டிகளில், என்ன நிபந்தனையோடு கொடுக்கிறீர்கள் என்று இரண்டு பிரதிகளாக எழுதி, நீங்களும் நூலகரும் கையொப்பமிடுங்கள். பெரியப்பாவுக்குப் பிறர் எழுதிய கடிதங்களில் தாள்தான் நம்முடையது; எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. குடும்பச் சண்டை, நோய், கடன் பற்றிய கடிதங்களைக் கிழித்துவிடாமல், குறிப்பிட்ட ஆண்டுவரை யாருக்கும் காட்டக்கூடாது என்று நிபந்தனை இட்டுக் கொடுப்பதே முறை. பெரியம்மா நான்கு கடிதங்களை அப்படிக் கொடுத்தார்.

பின்சேர்க்கை

கூட்டுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் முக்கியமான பிழையைச் சுட்டிக்காட்டினார். செயலாளர் வீட்டில் இருந்தாலும் சங்கத்தின் பேரேடும் தீர்மானப் புத்தகமும் சங்கத்தின் உடைமை. எனவே சங்கத்தின் தற்போதைய நிர்வாகக் குழுவிடம் தீர்மானம் பெற்றே அவற்றை நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். நான் ஒப்படைத்த பிறகே போய் அந்தத் தீர்மானத்தைப் பெற்றேன். நீங்கள் அதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

தாள்களை லேமினேட் செய்யலாமா என்று மூவர் கேட்டிருந்தார்கள். கூடாது. அந்தச் சூட்டையும் பசையையும் திருப்பி எடுக்க முடியாது.

வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1359 என்பது 1949 ஜூலை முதல் 1950 ஜூன் வரை. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதோடு, கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியவும் கூடும். 1949இல் பிறந்தது விரோதி, 1971இல் பிறந்தது விரோதிகிருது. எழுதியவர் ஆண்டின் பெயரைச் சுருக்கி ௵ என்ற ஆண்டுக்குறியை ஒட்டி எழுதியிருந்தால், அதே தாளில் அணா இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஆண்டு என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.