முற்றத்துக் கோழி திடீரென்று செத்தால்

அச்சுவேலியில் எங்கள் வளவில் பன்னிரண்டு ஊர்க்கோழிகள் நிற்கின்றன. மாரியில் தொண்டைமானாற்றுப் பக்கம் வலசைப் பறவைகள் வந்திறங்கும் நாள்களில் நான் அவற்றைத் திறந்துவிடுவதில்லை. பறவைக் காய்ச்சல் வைரசுக்குக் காட்டு நீர்ப்பறவைகளே இயல்பான வீடு. தண்ணீர்ச் சட்டியையும் கூட்டுக்குள்ளேயே வையுங்கள்.

ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். வீணாகிறதே என்று கறிக்கு எடுக்கவே வேண்டாம். அரச கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். 1997இல் ஹொங்கொங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரசு தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தார்கள்.

கூட்டைக் காயக் கூட்டாமல் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். முகக்கவசம் கட்டாயம், பிறகு கைக்குச் சவுக்காரம். அப்புறம் காய்ச்சல் வந்தால், கோழி செத்த கதையை டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.