காமன் லேப் மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி: அடிக்கடி நடக்கிற தப்புகள்

கன்ஃபோக்கல் மைக்ராஸ்கோப் (லேசர் வச்சு படம் எடுக்கிறது), ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்ல ஒவ்வொண்ணா லேசர் முன்னாடி ஓட்டி கலர் பாக்குறது), மாஸ் ஸ்பெக் (மூலக்கூறோட எடை பாக்குறது) மாதிரி பெரிய மெஷின எல்லாம் ஒவ்வொரு லேபும் தனித்தனியா வாங்க முடியாது, அதனாலதான் யுனிவர்சிட்டில ஒரே இடத்துல வச்சு மணிக்கணக்குக்கு ஸ்லாட் போட்டு எல்லாரும் ஓட்டுறோம். நான் அப்படி ஒரு இடத்துல மெஷின் பாத்துக்கிற ஆளு. பல வருஷமா பாத்ததுல சொல்றேன், மெஷின் தானா கெட்டுப்போறது கம்மிதான், பாதி பிரச்சனை சாம்பிள் உள்ள வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது, மீதி பாதி ஆள் கிளம்பிப் போனப்புறம்தான் தெரியுது.

முதல் தப்பு, எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் முடிச்சிட்டு கடைசியா வந்து பேசுறது. ஒரு பொண்ணு ஃப்ளோ சைட்டோமீட்டர்ல ஓட்ட ஐஸ் பாக்ஸோட வந்து நின்னாங்க, "அண்ணா, ஸ்டெயின் எல்லாம் பண்ணிட்டேன், ஓட்டிக் குடுங்க"ன்னு. ஸ்டெயின் பண்ணாத, அதாவது ஒளிர்ற கலர் ஏத்தாத செல் எங்கம்மான்னு கேட்டா இல்ல, ஒவ்வொரு கலரும் தனியா போட்ட கன்ட்ரோல் (ஒப்பிட்டு பாக்குற சாம்பிள்) எங்கன்னா அதுவும் இல்ல. இதுல பெரிய கொடுமை என்னன்னா அந்த செல்லு ஏற்கனவே ஜிஎஃப்பி (தானா பச்சையா ஒளிர்ற புரோட்டீன்) உள்ளது, இவங்க ஆன்டிபாடி வாங்கினது எஃப்ஐடிசிங்கிற கலர்ல, ரெண்டுமே பச்சை, ரெண்டும் ஒரே டிடெக்டர்ல வந்து விழும், எது செல்லோட பச்சை எது ஆன்டிபாடியோட பச்சைன்னு சாதாரண மெஷினால பிரிச்சு சொல்ல முடியாது. மூணு வாரம் வளத்த செல்லு. ஆன்டிபாடி ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் வந்து எந்த லேசர் இருக்கு எந்த ஃபில்டர் இருக்குன்னு கேட்டிருந்தா வேற கலர் சொல்லியிருப்போம். சிங்கிள் ஸ்டெயின் கன்ட்ரோல் இல்லாம காம்பன்சேஷன் (ஒரு கலர் இன்னொரு கலர் டிடெக்டர்ல கசியிறத கழிக்கிற கணக்கு) போடச் சொல்றது வெறுங்கையில முழம் போடுற மாதிரிதான், நம்பர் என்னமோ வரும், ஆனா அதுக்கு அர்த்தம் இருக்காது.

சீக்வென்சிங்குக்கு (டிஎன்ஏ, ஆர்என்ஏ எழுத்து வரிசைய படிக்கிறதுக்கு) சாம்பிள் குடுக்கிறவங்களும் இதே கதைதான். நானோடிராப்ல (லைட்ட வச்சு டிஎன்ஏ, ஆர்என்ஏ அளவு பாக்குற மெஷின்) நல்ல நம்பர் வந்துச்சுன்னு குடுப்பாங்க, ஆனா அது 260 நானோமீட்டர்ல லைட்ட உறிஞ்சுற எல்லாத்தையும் சேத்து எண்ணும், ஆர்என்ஏ உடைஞ்சு தூளா கெடந்தாலும் சுத்தமான்னு பாக்குற 260/280 விகிதம் அழகா 2.0 காட்டும். உடைஞ்சிருக்கான்னு தெரியணும்னா ஆர்ஐஎன் (ஆர்என்ஏ எவ்வளவு முழுசா இருக்குன்னு சொல்ற ஸ்கோர்) பாக்கணும், 1ல இருந்து 10 வரைக்கும் ஸ்கோர் வரும், பொதுவா 7க்கு மேல இருந்தா தைரியமா குடுக்கலாம். அப்புறம் கன்ட்ரோல் எல்லாத்தையும் ஒரு நாள், ட்ரீட்மென்ட் எல்லாத்தையும் இன்னொரு நாள்னு எக்ஸ்ட்ராக்ட் பண்ணாதீங்க, கடைசில தெரியிற வித்தியாசம் மருந்தால வந்ததா நாளால வந்ததான்னு யாருக்கும் தெரியாது.

ஃப்ளோக்கே திரும்ப வர்றேன். செல்ல தனித்தனியா பிரிச்சு எடுக்கிற சார்ட்டர்ல நாசில் ஓட்டை சாதாரணமா 70 இல்ல 100 மைக்ரான்தான். திசுவ பிரிச்சு எடுத்த செல்லுல செத்த செல்லோட டிஎன்ஏ வெளிய வந்து பசை மாதிரி எல்லாத்தையும் ஒட்ட வைக்கும், அதை அப்படியே விட்டா அடைச்சிக்கும். ஓட்டுறதுக்கு கொஞ்சம் முன்னாடி 35 இல்ல 40 மைக்ரான் வலையில வடிகட்டுங்க, செல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க பஃபர்ல கொஞ்சம் ஈடிடிஏ, ரொம்ப ஒட்டுச்சுன்னா ஈடிடிஏ இல்லாத பஃபர்ல டிஎன்ஏஸ் (டிஎன்ஏவ வெட்டுற என்சைம்), ஏன்னா ஈடிடிஏ இருந்தா அது வேலை செய்யாது. நேத்து வடிகட்டினேன்னு சொல்றவங்க இருக்காங்க, ராத்திரி முழுக்க ட்யூப்ல இருந்தா திரும்ப ஒட்டிக்காதா. நீங்க அடைச்சா உங்க ஸ்லாட் மட்டும் போகாது, அடுத்த ஆளு உயிருள்ள செல்ல ஐஸ்ல வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு, அதுக சாகுற ஒவ்வொரு நிமிஷமும் உங்க கணக்குலதான். முடிச்சதும் ப்ளீச், அப்புறம் தண்ணி, ரெண்டையும் சொன்ன நேரம் ஓட்டிட்டுத்தான் எழுந்திரிக்கணும்.

மாஸ் ஸ்பெக் பக்கம் போனா ஒரே வார்த்தைதான், சோப்பு. ட்ரைட்டான், ட்வீன், எஸ்டிஎஸ் எதையாவது சாம்பிள்ல விட்டுட்டு வந்து சொல்லாம இருப்பாங்க. ட்ரைட்டான் மாதிரி பாலிமர் வகை சோப்பு உள்ள போச்சுன்னா ஸ்பெக்ட்ரம்ல எடை 44, 44ன்னு ஒரே இடைவெளியில சீப்பு பல்லு மாதிரி பீக் வரிசையா நிக்கும், நம்ம பெப்டைட் (புரோட்டீன் துண்டு) அதுக்கு பின்னாடி எங்கயோ ஒளிஞ்சிருக்கும், சாம்பிள பிரிக்கிற குழாய்ல (column) ஒட்டினது அடுத்தடுத்த ஆளுங்க ரன்லயும் வந்துக்கிட்டே இருக்கும். பஃபர்ல என்னென்ன போட்டீங்கன்னு ஃபார்ம்ல கேக்குறது உங்கள தொந்தரவு பண்றதுக்கு இல்ல.

சாம்பிள வேகமா சுத்தி பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ சாதாரணமா நினைக்காதீங்க. 1998 டிசம்பர் 16ஆம் தேதி கார்னெல் யுனிவர்சிட்டில ஒரு அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ்ல பால் சாம்பிள் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஒரு மணி நேரம் போல ஓடினதும் உள்ள ட்யூப தாங்கி சுத்துற அலுமினிய ரோட்டர் உடைஞ்சு வெடிச்சு மெஷினே நாசமாகி, ரூம்ல இருந்த நாலு ஜன்னலும் நொறுங்கி, பக்கத்துல இருந்த ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், சுவர், கூரை வரைக்கும் துண்டு பாஞ்சிருக்கு. ரூம்ல ஆள் இல்ல, அதனால யாருக்கும் அடியில்ல. கவனிக்க வேண்டியது என்னன்னா அதே ரோட்டர அதே வேலைக்கு அதுக்கு முன்னாடி பல தடவை ஓட்டியிருக்காங்க, "போன தடவை ஒண்ணும் ஆகலையே"ங்கிறது இங்க செல்லாது. அந்த மாடல் மெஷினுக்கு அந்த ரோட்டர் ஒத்துக்குமான்னு பாருங்க, எதிரெதிர் ட்யூப தராசுல வச்சு எடை பாருங்க, கண்ணால அளவு பாத்து வைக்காதீங்க, எத்தனை ரன் ஓடிச்சுன்னு லாக் புக்ல எழுதுங்க. ரோட்டருக்கும் ஆயுசு உண்டு, எழுதலைன்னா அது எப்ப முடியுதுன்னு யாருக்குத் தெரியும்.

இனி மைக்ராஸ்கோப். ஒரு நாள் காலைல 20எக்ஸ் (20 மடங்கு பெருசாக்குற) லென்ஸ்ல பாக்குறேன், படம் எல்லாம் பனி மூட்டம் மாதிரி இருக்கு. லென்ஸ கழட்டி வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா முன்கண்ணாடி மேல வானவில் கலர்ல ஒரு படலம், ஓரத்துல அழுக்கு சேந்து காஞ்சிருக்கு. என்ன நடந்திருக்கும்னு அப்பவே புரிஞ்சிடுச்சு, யாரோ 63எக்ஸ்ல எண்ணெய் போட்டு பாத்திருக்காங்க, ஸ்லைட துடைக்காம அப்படியே 20எக்ஸுக்கு திருப்பியிருக்காங்க, அது எண்ணெயில்லாம பாக்குற லென்ஸு. சரி, கை தவறி நடக்கிறதுதான். அன்னைக்கே சொல்லியிருந்தா லென்ஸ் பேப்பரும் க்ளீனிங் சொல்யூஷனும் வச்சு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். சொல்லல. புக்கிங் லிஸ்ட எடுத்து பாத்தா நடுவுல நாலு பேர் அந்த மூட்டத்தோடயே படம் எடுத்துட்டு போயிருக்காங்க, அதுல ஒருத்தர் தன் ஸ்டெயினிங்தான் சரியில்லைன்னு நினைச்சு ஆன்டிபாடி அளவ ரெண்டு தடவை மாத்தி மாத்தி போட்டு பாத்திருக்காரு பாவம். இன்னொருத்தர் டிஷ்யூ பேப்பர வச்சு துடைக்க வேற முயற்சி பண்ணியிருக்காரு, அதுல விழுந்த கீறல் எந்த சொல்யூஷனுக்கும் போகாது.

அதே மெஷின்ல சின்ன சின்ன விஷயம் இன்னும் இருக்கு. பெரும்பாலான லென்ஸ் 0.17 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்புக்குன்னு செஞ்சது, அதாவது டப்பா மேல 1.5ன்னு போட்டிருக்கும், கையில கெடச்சத போட்டுட்டு ஷார்ப்பா வரலன்னு சண்டைக்கு வராதீங்க. கெயின (சிக்னல பெருக்குற செட்டிங்) ஏத்தி படம் பளிச்சுன்னு இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, 8 பிட் படத்துல உச்ச அளவான 255ல போய் முட்டின பிக்ஸல வச்சு அளவு எடுக்க முடியாது. கன்ட்ரோலுக்கு ஒரு செட்டிங் ட்ரீட்மென்ட்டுக்கு ஒரு செட்டிங்னு மாத்தினீங்கன்னா அந்த ரெண்டு படத்தையும் ஒப்பிடவே முடியாது.

க்ளவுஸோட கீபோர்ட் தொடுறதா வேணாமான்னு ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு ரூல் இருக்கும், கேட்டுக்கோங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க. டேட்டாவ மெஷின் கம்ப்யூட்டர்லயே விட்டுட்டு போகாதீங்க, டிஸ்க் நிறைஞ்சா நாங்க அழிப்போம், அப்புறம் ரிவ்யூவர் ஒரிஜினல் ஃபைல் கேட்டாருன்னு ஓடி வருவீங்க. பேப்பர் எழுதும்போது ஃபெசிலிட்டி (இந்த காமன் லேப்) பேர போடுங்க, ஆர்ஆர்ஐடி நம்பர் (ஆராய்ச்சி வசதிகளுக்கு குடுக்கிற அடையாள எண்) இருந்தா அதையும் சேருங்க, அடுத்த மெஷினுக்கு காசு கேக்கும்போது நாங்க காட்ட வேண்டியது அதுதான்.

அந்த 20எக்ஸ் கதைக்கு அப்புறம் மைக்ராஸ்கோப் பக்கத்துல ஒரு பேப்பர் ஒட்டினேன், "எண்ணெய் பட்டுச்சா? கூப்பிடுங்க, திட்ட மாட்டேன்"னு எழுதி கீழ என் நம்பரும் போட்டேன். முதல்ல ஒரு மாசம் யாரும் கூப்பிடல. அப்புறம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன் வந்துச்சு, "அண்ணா, நிஜமாவே திட்ட மாட்டீங்கல்ல?"ன்னு.