சேலம் டிவிஷனுக்கு மாற்றல் கேட்கிறீர்களா? முதலில் சீனியாரிட்டியைப் பாருங்கள்

ரயில்வேயில் வேலை கிடைத்து பாலக்காடு, சென்னை என்று போய்ச் சேர்ந்த நம்ம சேலம், ஏற்காடு பக்கத்துப் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே கேட்பது, "ஊர்ப்பக்கம் எப்போ வரலாம்?" என்பதுதான். வரலாம். ஆனால் ஹெச்ஆர்எம்எஸ்ஸில் (ரயில்வே ஊழியர்களுக்கான ஆன்லைன் தளம்) விண்ணப்பம் போடும் முன், வந்தால் இங்கே சீனியாரிட்டி லிஸ்டில், அதாவது பதவி உயர்வுக்கான மூப்பு வரிசையில், எந்த இடம் என்று பார்த்துவிடுங்கள். லோகோ பைலட், சிக்னல் போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளில் சர்வீஸ் எத்தனை வருஷம் என்பது வேறு, சீனியாரிட்டி வேறு.

சீனியாரிட்டி எங்கே ஆரம்பிக்கிறது? ஆர்ஆர்பி (ரயில்வே ஆளெடுப்பு வாரியம்) தேர்வில் வாங்கிய ரேங்க்தான் கடைசி வரை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்படாத பதவிகளுக்கு அது சரி. அனுப்பப்பட்டவர்களுக்கு, ரயில்வேயின் பணி விதித் தொகுப்பான எஸ்டாப்ளிஷ்மென்ட் மேனுவல் 303-ம் பத்திப்படி, பயிற்சி முடிவில் நடக்கும் தேர்வின் மதிப்பெண்தான் வரிசையைத் தீர்மானிக்கும். அடுத்த வாய்ப்பில் பாஸ் செய்தால் முன்னால் பாஸ் செய்தவர்களுக்குக் கீழேதான். அதனால் ஏஎல்பி (உதவி லோகோ பைலட்) பயிற்சியில் "பாஸானால் போதும்" என்று இருந்துவிடாதீர்கள். மதிப்பெண் சமமாக வந்தால் வயதில் மூத்தவர் மேலே.

இனி மாற்றல். சொந்த விருப்பத்தில் வந்தால் 312-ம் பத்தி. வந்து சேரும் நாளில் அந்த கிரேடில் (பதவி நிலையில்) இருக்கும் நிரந்தரம், தற்காலிகம், பொறுப்பில் இருப்பவர் எல்லோருக்கும் கீழே உங்கள் பெயர், நம்ம ஆட்கள் பாட்டம் சீனியாரிட்டி என்பார்களே, அது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, ஆர்டர் தேதியைவிட நீங்கள் இங்கே வந்து சேரும் தேதிதான் முக்கியம். ஆள் இல்லை என்று பழைய டிவிஷனில் ரிலீவ் பண்ணாமல் மாதக்கணக்கில் இழுப்பார்கள், அதற்குள் இங்கே ஒரு புது பேட்ச் பணியில் சேர்ந்துவிட்டால் அவர்கள் அத்தனை பேருக்கும் பின்னால் நீங்கள். நேரடி ஆளெடுப்பு இல்லாத பதவியில், உதாரணமாக லோகோ பைலட் கூட்ஸில் (சரக்கு ரயில் ஓட்டுநர்) இருந்தால், பொதுவாக ஏஎல்பியாக இறங்கச் சம்மதித்துத்தான் வர வேண்டியிருக்கும். பென்ஷனுக்கான சர்வீஸும் லீவ் கணக்கும் குறையாது, அதில் பயம் வேண்டாம்.

மியூச்சுவல், அதாவது அங்கே இருக்கும் ஒருவரோடு இடம் மாற்றிக்கொள்வது, கொஞ்சம் தேவலை, ஆனால் அதிலும் கணக்கு இருக்கிறது. 310-ம் பத்திப்படி இருவருடைய சீனியாரிட்டியில் எது கீழோ அதுதான் கிடைக்கும். நீங்கள் 2016-ல் கிரேடுக்கு வந்தவர், மாற்றிக்கொள்பவர் 2019 என்றால் உங்களுக்கு 2019. அவருக்கும் 2019-தான், அவர் பாட்டுக்கு எதையும் இழக்காமல் போய்விடுவார். ஆகவே கிரேடுக்கு உங்களுக்கு முன்னால் வந்தவரையோ அதே வருஷத்து ஆளையோ தேடுங்கள்.

நிர்வாகமே மாற்றினால் பழைய சீனியாரிட்டி அப்படியே வரும். ஆர்டரில் "சொந்த விருப்பம்" என்று இருக்கிறதா, "நிர்வாக நலன்" என்று இருக்கிறதா என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

சேலம் டிவிஷன் 2007-ல்தான் வந்தது, பெரும்பகுதி பாலக்காட்டிலிருந்து பிரித்தது. அதனால் பாலக்காட்டில் இருப்பவர்கள் "எல்லாம் ஒண்ணுதானே" என்று கேட்பதுண்டு. இல்லை, டிவிஷன் மாறினால் லிஸ்டும் மாறும்.

சீனியாரிட்டி லிஸ்டை லாபியில் (டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் இடம்) ஒட்டினால் உங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். பிறந்த தேதி, நியமனத் தேதி, கிரேடுக்கு வந்த தேதி மூன்றையும் சர்வீஸ் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டு, உங்களுக்கு மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேருடைய கிரேடு தேதியையும் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் கண்ணில் படும். அப்புறம் போனில் ஒரு போட்டோ, தேதி தெரிகிற மாதிரி.

ஆட்சேபம் இருந்தால் லிஸ்ட் வெளியான ஒரு வருஷத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதற்குமேல் எடுக்க மாட்டார்கள். மேலதிகாரி வழியாக பர்சனல் பிராஞ்சுக்கு (பணியாளர் பிரிவு அலுவலகம்) கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொன்னது எதற்கும் ஆகாது. மறுத்துப் பதில் வந்தால் அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆறு மாதமாகியும் பதிலே இல்லையென்றால், அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வருஷம். போகும்போது, நீங்கள் மேலே ஏறினால் கீழே இறங்கப் போகிறவர்களையும் வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். கூட வேலை பார்ப்பவர்கள் ஆயிற்றே என்று சங்கடப்பட்டு விட்டுவிட்டால், அந்த ஒரு காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாகலாம்.