விழுந்த டேக்கும் பதில் சொல்லும்: கைக்கருவிகளில் ஆர்எஃப்ஐடி ஒட்டும்போது

போன வாரம் தெரிந்த ஒரு தொழிற்சாலையின் டூல் ஸ்டோருக்குப் போயிருந்தேன். இரண்டு அப்ரன்டிஸ் பையன்கள் ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி வைத்து ஆர்எஃப்ஐடி டேக் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரீடர் ரேடியோ அலையில் கேட்டால் தன் எண்ணைப் பதிலாகச் சொல்லும் சிப் வைத்த சின்னப் பட்டை அது; எந்தக் கருவி டிராயரில் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணினித் திரை காட்டும். ஒருவன் பனியன் வேஸ்ட்டால் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுக்க, மற்றவன் டேக்கை வைத்து அழுத்தினான். ஒரு ஸ்பேனருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு வருடத்துக்கு முன் நானும் இதே வேகத்தில்தான் ஒட்டினேன்.

காகித ஸ்டிக்கர் டேக்கை இரும்பில் ஒட்டினால் ரீடர் படிக்காது, உலோகத்துக்கென்றே செய்த டேக் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

துடைத்தால் போதும் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஸ்பேனர் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயும் கைகளிலிருந்து ஏறிய கிரீஸும் மேலே மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பனியன் வேஸ்ட் அதை எடுக்காது. ஒரு ஸ்பேனரின் எண்ணெயை அடுத்த ஸ்பேனருக்குப் பூசிவிடும், அவ்வளவுதான்.

நான் அப்படி ஒட்டியவை 140 கருவிகள். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் படித்தது. அப்புறம் ஒரு நாள் கன்வேயர் கியர்பாக்ஸைத் திறந்து வேலை பார்த்து மூடினோம். மூடுவதற்கு முன் திரையைப் பார்த்தேன். எல்லாக் கருவிகளும் டிராயரில் இருப்பதாகப் பச்சை காட்டியது. மோட்டாரைப் போட்டதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம். கிடந்தது 17 எம்எம் ஸ்பேனர். அதன் டேக் மட்டும் கழன்று டிராயர் மூலையில் விழுந்து, ரீடர் கேட்கும்போதெல்லாம் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லியிருக்கிறது. கியரில் இரண்டு பல் போயிற்று, லைன் ஒன்றரை ஷிப்ட் நின்றது. மேனேஜரிடம் வாங்கிய பேச்சு தனி.

டேக் கெட்டுப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கருவியைக் காணோம் என்று திரை சிவப்பாகியிருக்கும், யாராவது தேடியிருப்போம். நோட்டில் எழுதி வாங்கிய காலத்தில் டிராயரைத் திறந்து கண்ணாலாவது பார்த்தோம்!

சரி, எப்படி ஒட்டுவது? முதலில் டீகிரீசரில் கழுவுங்கள். பிறகு டேக் உட்காரும் இடத்தை மட்டும் 180 நம்பர் எமரி பேப்பரால் லேசாக மங்கவிடுங்கள். குரோம் பூச்சைத் தாண்டித் தேய்த்துவிட்டால் அடியில் துரு ஏறி டேக்கைத் தள்ளிவிடும். அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால், ஒவ்வொரு முறையும் புதுத்துணி எடுத்து, ஒரே திசையில் துடையுங்கள். அதன் மேல் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து. காயவைத்து, விரல் படாமல் ஒட்டுங்கள்.

அடுத்து பொறுமை. டேக்கை இருபக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப்பால் ஒட்டினால், இருபது நிமிடத்தில் ஏறத்தாழ பாதிப் பிடிப்புதான் வந்திருக்கும். முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம். எபாக்ஸி பசையால் ஒட்டினால் ஒரு நாளாவது தொடாதீர்கள். காலையில் ஒட்டி மதிய ஷிப்டுக்குக் கொடுத்தால் என் கதைதான்.

எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் டிராயரில் கருவியின் வடிவத்துக்கு வெட்டிய ஃபோம் தட்டு வையுங்கள். குழி காலியாக இருந்தால் திரை என்ன சொன்னாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இடம் பார்க்காமல் ஒட்டுவது

இரும்பு உடம்பும் ஆன்டெனாவின் ஒரு பகுதிபோலவே நடந்துகொள்ளும். டேக்கை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினாலே படிக்கும் தூரம் மாறலாம். அதனால் முதலில் சாதாரண டேப்பால் தற்காலிகமாக வைத்து, டிராயருக்குள் கருவி கிடக்கும் நிலையிலேயே படித்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். பல ஸ்பேனர்களின் தண்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். டேக் அதற்குள் அடங்கினால் விளிம்பு அடி வாங்கிக்கொள்ளும், உள்ளங்கையையும் உறுத்தாது.

சூப்பர் க்ளூ

சுத்தியலில் ஒட்டிப் பாருங்கள். எந்த அடியில் பறக்கிறது என்று எண்ணலாம்.

ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்

சூடு காட்டினால் சுருங்கி, டேக்கோடு சேர்த்துக் கருவியை இறுக்கிக்கொள்ளும் உறை இது. உள்ளே பசை உள்ளதாக வாங்குங்கள். ஹாட் ஏர் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் சிப் வெந்துவிடும்.

துளை போட்டு ரிவெட் அடிப்பது

வேண்டாம். ஸ்பேனர் முறிவதற்கு நீங்களே இடம் குறித்துக் கொடுக்கிறீர்கள்.

1000 வோல்ட் கருவிகள்

இரட்டை முக்கோணக் குறி போட்ட பிளையர், ஸ்க்ரூ டிரைவர்களின் காப்பைச் சுரண்டவோ எமரி போடவோ கூடாது. அந்தக் காப்பை நம்பித்தான் எலக்ட்ரீஷியன் கை வைக்கிறார். டேக் உள்ளேயே பதித்து வரும் கருவி கிடைக்குமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். கருவி வைக்கும் பையில் டேக் மாட்டுவதாகச் சிலர் சொல்கிறார்கள். பை டிராயரில்தான் இருக்கும், பிளையர் எங்கே போனதோ!

தப்பாக ஒட்டியதை எடுக்கும்போது

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். தூண்டில் நரம்பை ஃபோம் டேப்புக்குள் கொடுத்து ரம்பம்போல இழுத்தால் வந்துவிடும். முதலில் அந்த எண்ணைக் கணினியிலிருந்து நீக்குங்கள். பெயர்த்த டேக்கை டிராயரிலோ பக்கத்துக் குப்பைக் கூடையிலோ போட வேண்டாம், ரீடருக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும்வரை பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் சிப் இருக்கும் இடத்தில் சுத்தியலால் ஒரு போடு போட்டுவிட்டுத்தான் குப்பையில் போடுகிறேன்.