அமெரிக்காவில் துப்பாக்கியும் ரத்தப் பரிசோதனையும்: நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டெக்சஸில்தான் துப்பாக்கிக்குப் பெர்மிட்டே வேண்டாமே, நானும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளவா?" எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள் இப்படிக் கேட்கும்போது எனக்குப் பதறுகிறது. 2021 செப்டம்பர் முதல் அங்கே 21 வயது நிரம்பியவர் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுமைக்குமான மத்திய அரசுச் சட்டம், தடுத்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எச்-1பி, எஃப்-1 (மாணவர் விசா) போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போச்சு. சனிக்கிழமை நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இந்தக் குற்றத்தில் அடங்கும். அதைப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் வேறு போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

நிரந்தரமாக வசிக்கும் அனுமதியான கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் சறுக்குவது மாநில எல்லையில். துப்பாக்கி பெர்மிட் டிரைவிங் லைசென்ஸ் மாதிரி நாடு முழுக்கச் செல்லாது. பென்சில்வேனியா பெர்மிட்டோடு டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நியூ ஜெர்சி. அங்கே அந்த அட்டைக்கு மதிப்பில்லை, கைதுதான். 2022-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த புரூவன் தீர்ப்பைக் காட்டி வாதாடுபவர்கள் உண்டு. பொது இடத்தில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது உரிமை என்றுதான் அது சொன்னது. பெர்மிட் முறையே கூடாது என்று சொல்லவில்லை.

அடுத்தது, குடித்துவிட்டு ஓட்டியதாகப் போலீஸ் பிடிக்கும்போது. "வாரண்ட் (நீதிபதியின் அனுமதி உத்தரவு) இல்லாமல் ஊத மாட்டேன்" என்று அடம்பிடிப்பது தவறு. 2016-இல் வந்த பர்ச்ஃபீல்ட் தீர்ப்பின்படி, கைது செய்தபின் மூச்சுப் பரிசோதனைக்கு வாரண்ட் தேவையில்லை. ஊசி குத்தி ரத்தம் எடுக்கத்தான், நாம் சம்மதிக்காவிட்டால், பொதுவாக வாரண்ட் வேண்டும். அவசர நிலைக்கு விலக்கு உண்டு. ஊத மறுத்தாலும் டிரைவிங் லைசென்ஸை முடக்குவார்கள். சில மாநிலங்களில் மறுப்பதே தனிக் குற்றம். ரத்தம் எடுக்க வாரண்ட் வந்துவிட்டால் அங்கே கையை உதறிச் சண்டை போடாதீர்கள். தவறாக எடுத்திருந்தால் வழக்கறிஞர் கோர்ட்டில் பார்த்துக்கொள்வார்.

விசாக்காரர்களுக்கு இன்னொன்று: தீர்ப்பு வரும்வரைகூடக் காத்திருக்காமல், குடிபோதைக் கைதை மட்டும் வைத்தே அமெரிக்கத் தூதரகம் விசாவை ரத்து செய்யலாம்.

அப்புறம், எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. "குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், சின்ன அபராதத்தோடு முடித்துவிடலாம்" என்று வழக்கறிஞர் சொன்னதும் கையெழுத்துப் போடுவது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பதிவானால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம். நாடு கடத்தப்படும் ஆபத்தை வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் பாடிலா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்; குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.