டிவிடியில் படம் தெளிவாக இருக்க, ஒலியைச் சுருக்குங்கள்

இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவை 4.7 ஜிபி டிவிடியில் ஏற்றும்போது, ஒலியை பிசிஎம்மில் (சுருக்காத ஒலி வடிவம்) விடாமல், டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய வடிவத்தில் 192 கேபிபிஎஸ்ஸுக்கு (வினாடிக்கு 192 கிலோபிட்) மாற்றிவிடுங்கள். அவ்வளவு நேரத்துக்கு வினாடிக்குச் சராசரியாக 5.2 மெகாபிட்தான் கிடைக்கும். பிசிஎம் ஒலியே அதில் 1.5-ஐ விழுங்கிவிடும். மிச்சம் பிடிப்பது படத்துக்குப் போகும். ஏற்காடு லேடீஸ் சீட்டில் பனிமூட்டத்தில் எடுத்த அவுட்டோர் காட்சிகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்: வெள்ளைப் பனி கட்டம் கட்டமாக உடையாது. கூடவே டூ-பாஸ் விபிஆர் போடுங்கள்: மென்பொருள் முதல் முறை வீடியோவை அலசிவிட்டு, இரண்டாம் முறை காட்சிக்குத் தக்கபடி பிட்டைக் கூட்டிக் குறைத்துப் பதியும். மாற்ற ஆகும் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், பரவாயில்லை.

வீடியோ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் இதெல்லாம் வேண்டாம். படத்துக்கு 8 மெகாபிட் கொடுத்து, ஒலியை பிசிஎம்மிலேயே விடலாம். அதுவும் நாதஸ்வரக் கச்சேரி என்றால் கண்டிப்பாக.