வட கொரியா பத்தி எழுதுறப்போ இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

வட கொரியான்னாலே நம்ம யூடியூப்ல ஒரே தம்ப்நெயில்தான், சிரிச்சா சாவு, முடி வேற மாதிரி வெட்டினா ஜெயில். பொய்யாவே இருக்கட்டும், அந்த அரசாங்கம் மோசமானதுதானேன்னு கேக்குறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

2013 டிசம்பர்ல கிம் ஜோங் உன் தன்னோட அத்தை புருஷன் ஜாங் சோங் தேக்குக்கு மரண தண்டனை குடுத்தாரு. இது உண்மை, அவங்க அரசு செய்தி நிறுவனமே அறிவிச்சது. ஆனா உலகம் பூரா ஓடினது 120 பட்டினி நாய்ங்களை விட்டு கடிக்க வெச்சாங்கங்கற கதை. சீன சோஷியல் மீடியால ஒருத்தர் நக்கலா போட்ட போஸ்ட், அதை ஒரு ஹாங்காங் பேப்பர் எடுத்துப் போட, அங்கேருந்து சிங்கப்பூர் பேப்பருக்கு வர, அப்புறம் எல்லா நாட்டு மீடியாவும் போட்டுடுச்சு. சொந்த மாமாவையே கொன்னதை விட்டுட்டு நாய் நிஜமா பொய்யான்னு பேசிட்டு இருந்தோம்.

அதே வருஷம் ஆகஸ்ட்ல பாடகி ஹியோன் சோங் வோலை சுட்டுக் கொன்னுட்டாங்கன்னு தென் கொரியாவோட பெரிய பேப்பர் ஒண்ணு பேர் சொல்லாத சோர்ஸை வெச்சு எழுதிச்சு. 2014 மே மாசம் அவங்க டிவில வந்து பேசினாங்க, 2018 ஜனவரில குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கான ஏற்பாட்டைப் பாக்க கழுத்துல ஃபர் மஃப்ளரோட சியோலுக்கே வந்து இறங்கினாங்க. வட கொரியத் தலைநகர் பியாங்யாங்லேருந்து யாரும் கேஸ் போடப் போறதில்லை, அந்த தைரியத்துலதான் இப்படி எழுதுறாங்க. யார் சொன்னா, அவருக்கு எப்படித் தெரியும், இந்த ரெண்டுக்கும் பதில் இல்லேன்னா ஷேர் கூட பண்ணாதீங்க.

அடுத்தது தப்பிச்சு வந்தவங்ககிட்ட பேட்டி எடுக்குறது. எடுத்த எடுப்புலயே இருக்கறதுலயே கொடூரமான சம்பவத்தைச் சொல்லுங்கன்னு கேக்குறது, பேட்டிக்குக் காசு குடுக்குறது, ஒரே ஆள் மேல மொத்த பாரத்தையும் ஏத்துறது, எல்லாமே தப்பு. வட கொரியாவோட கைதிகள் முகாம்லேருந்து தப்பிச்சு வந்து உலகம் பூரா தெரிஞ்சவரான ஷின் டோங் ஹ்யுக், தன் கதைல சில பகுதி சரியில்லைன்னு 2015 ஜனவரில ஒத்துக்கிட்டாரு. உடனே வட கொரியா, தன்னோட மனித உரிமை மீறல்களைப் பத்தின ஐ.நா. அறிக்கையே பொய்னு கிளம்பிடுச்சு. மைக்கேல் கிர்பி தலைமையிலான அந்த விசாரணைக் குழு 80 பேருக்கு மேல வெளிப்படையாவும், 240 பேர்கிட்ட ரகசியமாவும் சாட்சி வாங்கித்தான் 2014ல அறிக்கை குடுத்துச்சு, அதனாலதான் ஒருத்தர் பேச்சு மாறியும் அது நிக்குது. சித்திரவதை பட்டவங்களுக்கு தேதியும் வரிசையும் குழம்பும், அதைப் பொய்னு முத்திரை குத்தாதீங்க, அதே சமயம் செக் பண்ணாமலும் விடாதீங்க.

இன்னொண்ணு, தென் கொரியாவுக்குத் தப்பிச்சு வந்து சேந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சீன எல்லையை ஒட்டின வட ஹம்கியோங், ரியாங்காங் மாகாணத்து ஆளுங்க, முக்காவாசிப் பேர் பொம்பளைங்க. அவங்க ஊர் நிலவரத்தை வெச்சு பியாங்யாங் வாழ்க்கையை எழுத முடியாது. 2012ல கிளம்பினவங்க சொல்றது 2012 நிலவரம்தான். 2019ல 1,047 பேர் வந்தாங்க, கொரோனால எல்லையை மூடினப்புறம் 2021ல வெறும் 63 பேர், அதனால புது சாட்சியே ரொம்ப கம்மி.

டிப்ளமசில நடந்த தப்பு வேற மாதிரி. 2018 ஜூன்ல சிங்கப்பூர்ல டிரம்ப்பும் கிம்மும் கையெழுத்து போட்டது "கொரிய தீபகற்பத்தை" முழுசா அணு ஆயுதம் இல்லாததா ஆக்குறதுக்கு. அமெரிக்காவுக்கு அது வட கொரியா ஆயுதத்தைக் குடுத்துடும்னு அர்த்தம், வட கொரியாவுக்கோ தெற்குக்கு அமெரிக்கா குடுக்குற அணுப் பாதுகாப்பும் போகணும்னு அர்த்தம். 2019 பிப்ரவரில ஹனோய்ல பேச்சு முறிஞ்சுடுச்சு. 2014லேருந்து 2017 வரை வருஷா வருஷம் பாதுகாப்பு கவுன்சில்ல பேசின வட கொரிய மனித உரிமை விஷயத்தை, இந்தப் பேச்சு நடந்த 2018ல நிறுத்தினாங்க, மறுபடி வெளிப்படையா கூட்டம் நடந்தது 2023 ஆகஸ்ட்ல. வாயை மூடிட்டு இருந்து வாங்கினது ஒண்ணுமில்லேன்னுதான் எனக்குத் தோணுது.

கடைசியா, எனக்கு ரொம்ப பயமா இருக்குற தப்பு. எல்லையோரத்துல கடத்திட்டு வந்த சீன போன்ல ஒளிஞ்சு நின்னு ரெண்டு நிமிஷம் பேசுறவங்க இருக்காங்க. "ஹைசன் சந்தைல மீன் விக்கிற, ரெண்டு பொண்ணு இருக்குற ஐம்பது வயசு அம்மா"ன்னு எல்லையோர ஊர்ப் பேரோட நீங்க எழுதினா பேரே போடாட்டியும் ஆளைப் பிடிச்சுடுவாங்க, தண்டனை குடும்பத்துக்கும் சேத்துதான். தப்பிச்சு வந்து தென் கொரியால இருக்குறவங்க போட்டோவும் அப்படியே, முகத்தை மங்கலாக்கிட்டு குரலை விட்டுடாதீங்க. போடறதுக்கு முன்னாடி எழுதினதை அவங்க மொழியில அவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க, எதை எடுக்கச் சொல்றாங்களோ எடுத்துடுங்க, அது உங்க கட்டுரையிலயே நல்ல வரியா இருந்தாலும் சரி.